குடிநோய்ச் சிகிச்சைக்கு முதன்முறை அழைத்துப் போகிறீர்களா? வரிசையை மாற்றிவிடாதீர்கள்

என் அண்ணன் கோவில்பட்டிப் பக்கம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். 16 வருடக் குடி. அவனைச் சிகிச்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க எங்களுக்கு மூன்று முயற்சி ஆனது. முதல் முயற்சியில் ஆளே போயிருப்பான். இரண்டாவதில் பணம் போனது. மூன்றாவதுதான் சரியாக அமைந்தது. இத்தனைக்கும் மூன்று தடவையும் நாங்கள் செய்தது ஏறக்குறைய ஒரே காரியங்கள்தான். எதை முன்னால் செய்தோம், எதைப் பின்னால் செய்தோம் என்பதில்தான் கோட்டை விட்டோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தால் இது உங்களுக்குத்தான். நான் டாக்டர் இல்லை. சில மருந்துகளின் பெயர் கீழே வரும். டாக்டர் சொல்லும்போது உங்களுக்கு விளங்கட்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன். மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள்.

1. சண்டையை நிறுத்திவிட்டு ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள்

டாக்டர் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு குடிக்கிறார்?" என்பதுதான். "ரெண்டு ரவுண்டு சார்" என்பான் அண்ணன். "எப்பப் பாரு குடிதான் டாக்டர்" என்பார் மதினி. இரண்டையும் வைத்து மருந்து அளவு போட முடியாது.

ஒரு நோட்டில் ஏழு நாள் எழுதுங்கள்: என்ன சரக்கு, எத்தனை மில்லி, முதல் வாய் எத்தனை மணிக்கு, கடைசி வாய் எப்போது, சாப்பிட்டாரா, தூங்கினாரா. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. மருத்துவக் கணக்கில் ஒரு 'டிரிங்க்' என்பது 10 கிராம். அதாவது ஒரு குவார்ட்டர் ஆறு டிரிங்க். அண்ணன் சொன்ன 'ரெண்டு ரவுண்டு' கணக்கு எழுதிப் பார்த்தபோது நாளைக்கு இரண்டரை குவார்ட்டராக இருந்தது.

முக்கியமாக, காலையில் குடிக்கிறாரா என்று பாருங்கள். டாஸ்மாக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. அதற்கு முன்னால் ஒருவர் குடித்திருக்கிறார் என்றால், பிளாக்கில் வாங்கியிருக்க வேண்டும், இல்லை ராத்திரியே காலைக்கென்று எடுத்து வைத்திருக்க வேண்டும். அண்ணன் டிக்கெட் பைக்குள் ஒரு கட்டிங் அளவு எப்போதும் மிச்சம் வைத்திருப்பான். நாங்கள் அதைத் திமிர் என்று நினைத்தோம். காலையில் கை நடுக்கம் நின்றால்தான் சில்லறையே எண்ண முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது.

இது பழக்கமா நோயா என்று குழப்பமாக இருந்தால் டாக்டர்கள் பார்க்கும் ஆறு அடையாளங்கள் இருக்கின்றன: அடக்க முடியாத ஆசை, தொடங்கினால் நிறுத்தத் தெரியாமை, நிறுத்தினால் நடுக்கமும் வியர்வையும் வருவது, அதே போதைக்கு முன்னைவிட அதிகம் தேவைப்படுவது, மற்ற வேலை, சந்தோஷம் எல்லாம் பின்னுக்குப் போவது, உடம்பு கெடுகிறது என்று தெரிந்தும் தொடர்வது. ஒரு வருடத்துக்குள் இதில் மூன்று ஒன்றாக இருந்தால் குடிநோய். உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' என்ற பத்துக் கேள்வித் தாளும் உண்டு. மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே கவனிக்க வேண்டும், 20க்கு மேல் போனால் பெரும்பாலும் குடிநோய்தான். அண்ணனுக்கு 29.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "ஐயப்பனுக்கு மாலை போட்டா 48 நாள் தொடுறதே இல்லையே, நோயாளியா இருந்தா முடியுமா?" என்று அம்மா கேட்டார். முடியும். பல பேரால் முடிகிறது. மலை இறங்கி வந்த பிறகு ஒரு கட்டிங்கோடு நிறுத்த முடிகிறதா என்பதுதான் கேள்வி. அண்ணன் திரும்பி வரும் வழியிலேயே ஆரம்பித்துவிடுவான்.

2. "இன்றோடு நிறுத்து" என்று சொல்லாதீர்கள்

எங்கள் முதல் முயற்சி இதில்தான் கெட்டது. குலதெய்வம் கோயிலில் அம்மா அழுது, அண்ணன் கையில் கயிறு கட்டி, சத்தியம் வாங்கினார். அண்ணனும் மனதாரத்தான் சொன்னான். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அன்று ராத்திரி அவனுக்குக் கை நடுங்கியது, சட்டை வியர்வையில் ஊறியது. "விஷம் வெளியேறுது" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். மறுநாள் வாந்தி, தூக்கமில்லை. மூன்றாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்குக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இல்லாத பையிலிருந்து இல்லாத டிக்கெட்டைக் கிழித்து, "கயத்தாறு ஒண்ணா, ரெண்டா?" என்று சுவரிடம் கேட்டான். மீதிச் சில்லறையை மதினியிடம் நீட்டினான். நீட்டியது வெறுங்கை. மதினி பயத்தில் அதை வாங்கிக்கொண்டார்.

பேய் பிடித்துவிட்டது என்று நினைத்தவர்கள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இது வித்ட்ராயல். ஆல்கஹால் மூளையைத் தளர்த்தும். தினமும் தளர்த்தினால் மூளை எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கப் பழகிவிடும். வடம் இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் திடீரென்று கையை விட்டால் மறுபக்கத்தார் மொத்தமாக மல்லாந்து விழுவார்களே, அதுதான் நடக்கிறது. நேரக்கணக்கை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்:

கடைசி வாய்க்குப் பிறகு 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல்.
6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம்.
2 முதல் 4 நாளுக்குள் குழப்பம், இல்லாத ஆள் தெரிவது, பூச்சி ஊர்வது போலத் தோன்றுவது, காய்ச்சல், இதயம் அடித்துக்கொள்வது. இதற்கு டெலிரியம் என்று பெயர். கவனிக்காவிட்டால் உயிர் போகும்.

எல்லாருக்கும் இப்படி வராது. தினமும் குடிப்பவர், காலையில் குடிப்பவர், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். அவர்களை வீட்டில் வைத்து நிறுத்த முயல வேண்டாம். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் மந்திரிக்கிறவரைத் தேடாமல் 108க்குப் போன் போடுங்கள்.

இன்னொன்று. அன்று ராத்திரி நாங்கள் ஓடியது தெருமுனை கிளினிக்குக்கு. குளுக்கோஸ் ஏற்றினார்கள். தினமும் குடிக்கிறவர் என்று நாங்களும் சொல்லவில்லை, அவமானம். விடிந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த டாக்டர் முதலில் கேட்டது, "தயமின் போட்டாங்களா?" என்றுதான். தயமின் என்பது வைட்டமின் பி1. நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அது போடாமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதிக்கும் அபாயம் உண்டு. ஆகவே எந்த ஆஸ்பத்திரி வாசலிலும், கால் முறிந்து போனாலும் சரி, அப்பென்டிக்ஸ் ஆபரேஷனுக்குப் போனாலும் சரி, "தினமும் இவ்வளவு குடிப்பார், கடைசியாக இத்தனை மணிக்குக் குடித்தார்" என்று சொல்லிவிடுங்கள். எலும்பு வார்டில் மூன்றாம் நாள் ராத்திரி கட்டைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறவர்கள் பாதிப்பேர் இந்த வகைதான் என்று ஒரு நர்ஸம்மா சொன்னார்.

அப்படியானால் டாக்டரைப் பார்க்கும் நாள் வரைக்கும் குடிக்க விடுவதா? ஆமாம், அந்த இரண்டு மூன்று நாள் அப்படித்தான். கேட்கவே கஷ்டமாக இருக்கும், தெரியும்.

3. பேச வேண்டிய நேரம் காலை

ராத்திரி போதையில் வாங்கும் சத்தியம் காலையில் அவருக்கு ஞாபகமே இருக்காது. காலையில், குளித்து, நடுக்கம் கொஞ்சம் அடங்கிய நேரத்தில், ஒரே ஒருவர் பேசுங்கள். பத்துப் பேர் கூடினால் பஞ்சாயத்து ஆகிவிடும். "குடியை விடு" என்று தொடங்காமல் உடம்பில் தொடங்குங்கள். நான் அண்ணனிடம் சொன்னது இவ்வளவுதான்: "உனக்கு ராத்திரி தூக்கம் வரல, கை நடுங்குது. அதுக்கு மாத்திரை இருக்காம். வா, அதை மட்டும் கேட்டுட்டு வரலாம்." அவனும் பயந்துதான் போயிருந்தான், டிக்கெட் கிழித்த ராத்திரிக்குப் பிறகு.

சம்மதம் சொன்ன அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே போக வேண்டும். "நல்ல நாள் பார்த்து", "தீபாவளி முடியட்டும்" என்றால் போச்சு. அதனால் அடுத்த இரண்டு படிகளையும் அவர் சம்மதிப்பதற்கு முன்பே முடித்து வைத்துவிடுங்கள்.

4. எங்கே போவது, எவ்வளவு ஆகும்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. குடிநோய்க்கு அங்கேதான் பார்க்கிறார்கள். மனநலப் பிரிவு என்றதும் "பைத்திய ஆஸ்பத்திரியா?" என்று வீட்டில் கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும். ஓ.பி. காலையில்தான், எட்டு மணிக்கு முன்பே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். சிகிச்சை, மாத்திரை இலவசம். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு, மறுவாழ்வு மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தது. உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்று 104 மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416, தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் இருக்கிறார்கள். நான் ராத்திரி 11 மணிக்குப் பேசியிருக்கிறேன்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களும் இருக்கின்றன, கட்டணம் இல்லை. 14446இல் பக்கத்தில் உள்ள மையத்தைச் சொல்வார்கள். சென்னை அடையாறு இந்திரா நகரில் 1980 முதல் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறையில் பழையது. குடும்பத்தாரும் வந்து வகுப்பில் உட்கார வேண்டும் என்பது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையிலும் தனிப் பிரிவு உண்டு.

தனியார் மனநல மருத்துவமனையில்தான் அண்ணனைக் கடைசியாகச் சேர்த்தோம், பஸ் முதலாளி முன்பணம் கொடுத்ததால். 11 நாளைக்கு அறை, டாக்டர், மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய் ஆனது. கூட இருந்தவர் சாப்பாடு, பஸ் செலவு தனியாக 6,000. அரசு மருத்துவமனை என்றாலும் இந்த இரண்டாவது செலவு இருக்கும், கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவக் காப்பீட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மனநோய்க்கும் உடல்நோய் போலவே காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் விலக்குப் பட்டியலில் 'எக்ஸ்கிளூஷன் 12' என்று ஒன்று இருக்கும்: மது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதனால் வரும் விளைவுகளும் கிடையாது என்று. கல்லீரல் சிகிச்சைக்குக்கூட இதைக் காட்டி மறுக்கலாம். சேர்க்கும் முன் பாலிசியில் அந்த வரியைப் படித்துவிடுங்கள்.

இனி எங்கள் இரண்டாவது முயற்சி. ஒரு 'மறுவாழ்வு இல்லம்'. போனில் ரொம்ப இனிமையாகப் பேசினார்கள். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் மேடம், வேன் அனுப்புறோம், நாலு பசங்க வருவாங்க." எங்களுக்கும் அலுத்துப்போயிருந்தது, சரி என்றோம். முன்பணம் 10,000, ரசீது இல்லை. முதல் மாதம் பார்க்க வரக் கூடாது என்றார்கள். ஆறாவது நாள் மதினி அழுது அடம்பிடித்துப் போய்ப் பார்த்தபோது அண்ணனின் இரண்டு மணிக்கட்டிலும் கயிறு அறுத்த தடம். டாக்டர் என்று அந்தக் கட்டடத்தில் யாருமே இல்லை. அன்றே கூட்டிவந்துவிட்டோம். வந்ததும் கடைக்குத்தான் போனான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே எந்தத் தனியார் மையமானாலும் பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று எங்கே? மனநல மருத்துவர் வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறார்? ராத்திரி நர்ஸ் இருக்கிறாரா? உள்ளே சுற்றிப் பார்க்கலாமா? போனில் பேச விடுவார்களா? ரசீது உண்டா? வேன் அனுப்புகிறோம் என்று அவர்களாகவே சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

5. பையில் எடுத்து வைக்க வேண்டியவை

நோயாளியின் ஆதார், கூட இருப்பவரின் ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு: ஒவ்வொன்றிலும் மூன்று நகல். இருவருக்கும் பாஸ்போர்ட் அளவு போட்டோ நான்கு நான்கு. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம். இப்போது சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளின் அட்டையோடு சேர்த்து. நீங்கள் எழுதிய ஏழு நாள் நோட்டு. முன்பு வலிப்பு வந்திருந்தால் தேதியோடு ஒரு தாளில்.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருந்தால் அந்த அட்டையும். சம்பளமில்லாமல் போகும் நாள்களுக்கு நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும், அதற்கு ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சான்று வேண்டும். வேலை இடத்துக்கு மெடிக்கல் சர்டிபிகேட் கொடுக்கும்போது நோயின் பெயர் விவரமாக வேண்டாமென்றால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்வது நோயாளியின் சட்ட உரிமை.

லுங்கி, துண்டு, பிளாஸ்க். சென்ட், ஆப்டர்ஷேவ் வேண்டாம், ஆஸ்பத்திரியில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். ஏனென்று முதலில் புரியவில்லை. அதைக் குடித்தவர்கள் இருக்கிறார்களாம்.

6. கையெழுத்து: யார், எங்கே

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பும் அடங்கும். ஆகவே சேர்க்கை இரண்டு விதம். அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுச் சேர்வது ஒன்று. அப்படிச் சேர்ந்தவர் போகிறேன் என்றால் விட்டாக வேண்டும். நிலைமை மோசமென்று தோன்றினால் பரிசோதிப்பதற்காக டாக்டர் 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம். இன்னொன்று, அவரால் முடிவெடுக்க முடியாத நிலையில், அவர் நியமித்த பிரதிநிதியோ உறவினரோ விண்ணப்பித்துச் சேர்ப்பது. அதற்கு இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதிகபட்சம் 30 நாள், மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் தகவல் போக வேண்டும். சங்கிலியால் கட்டுவதை இந்தச் சட்டம் அடியோடு தடை செய்கிறது.

அண்ணன் தானே கையெழுத்துப் போட்டான். நடுக்கத்தில் அவன் கையெழுத்து அவனுடையது மாதிரியே இல்லை. வெற்றுத் தாளில் கேட்டால் மட்டும் போடாதீர்கள்.

7. முதல் 5 முதல் 10 நாள்: உடம்புக்கு மட்டும்

இதற்கு டீடாக்ஸ் என்று பெயர். குளோர்டையசெபாக்சைடு அல்லது லோரசெபாம் வகை மாத்திரை கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்து நிறுத்துவார்கள். தயமின் ஊசி. கல்லீரல், சர்க்கரை, உப்புச்சத்துப் பரிசோதனை. முதல் மூன்று நாள் பெரும்பாலும் தூக்கம். "மருந்து கொடுத்துப் படுக்கப் போட்டுட்டாங்க" என்று அம்மா சண்டைக்குப் போனார். தூக்கத்தைத் தரும் அந்த மருந்துதான் வலிப்பு வராமல் தடுக்கிறது.

நான்காம் நாள் அண்ணன் இரண்டு கையாலும் பிடிக்காமல், ஒரே கையில் டம்ளரைத் தூக்கிக் காபி குடித்தான். குடித்துவிட்டு எங்களைப் பார்த்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கேதான் பெரிய பொறி. ஆறாம் நாள் ஆள் தெளிந்து, முகத்தில் களை வந்து, "நான் இனிமே தொட மாட்டேன், வீட்டுக்குப் போலாம்" என்பார். செலவும் ஏறிக்கொண்டிருக்கும். பாதிக் குடும்பங்கள் இங்கே பெட்டியைக் கட்டிவிடுகின்றன. உடம்பிலிருந்து சரக்கு இறங்கியதுதான் முடிந்திருக்கிறது, சிகிச்சையே இன்னும் தொடங்கவில்லை. கவுன்சலிங், குடும்பத்தோடு பேசுவது, எதைப் பார்த்தால் ஆசை வருகிறது என்று பட்டியல் போடுவது எல்லாம் இதற்குப் பிறகுதான். அங்கேயே மூன்று நான்கு வாரம் தங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் டிஸ்சார்ஜுக்கு முன்பே அடுத்த நான்கு வாரத்துக்கும் வாரம் ஒரு ஓ.பி. தேதி எழுதி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள், அது இல்லாமல் அடுத்த டாக்டர் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

8. மாத்திரை விஷயத்தில் ஏமாறாதீர்கள்

ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவை தருகிறார்கள். இன்னொன்று டைசல்ஃபிராம். இதைச் சாப்பிட்டுக்கொண்டே குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். அந்தப் பயமே காவல். கடைசிக் குடிக்கு 12 மணி நேரம் கழித்துத்தான் தொடங்கலாம். நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். இதய நோய், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. இருமல் மருந்திலும் ஆயுர்வேத அரிஷ்டங்களிலும் ஆல்கஹால் உண்டு, அதனால் தசமூலாரிஷ்டம் மாதிரியானவற்றையும் தொடக் கூடாது.

இந்த மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கவே கூடாது. தெரியாமல் குடிப்பார், உயிருக்கே ஆபத்தாகலாம். "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று சுவரில் எழுதியிருக்கும் பொடி விளம்பரமும் இதே ரகம்தான். அம்மா 1,800 ரூபாய் கொடுத்து ஒரு டப்பா வாங்கி ஒரு மாதம் மோரில் கலந்தார். மோர் ஒரு மாதிரி கசக்கிறது என்று அண்ணன் சொன்னதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது.

தூக்க மாத்திரை இன்னொரு வம்பு. குடியை விட்டபின் மாதக்கணக்கில் தூக்கம் சரியாக வராது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிப் போடத் தொடங்கினால், குடி போய் மாத்திரைப் பழக்கம் வந்து சேரும்.

9. வீட்டுக்கு வந்த பிறகு முதல் 90 நாள்

குடிக்கும் ஆசை ஒரு அலை மாதிரி வரும், பெரும்பாலும் 20, 30 நிமிடத்தில் தணிந்துவிடும். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலும் இருக்கும் நேரத்தில்தான் ஓங்கி அடிக்கும். எங்கள் ஊர் கடலை மிட்டாய் இதற்கு இவ்வளவு உதவும் என்று நான் நினைக்கவே இல்லை. முன்பு கட்டிங் இருந்த அதே டிக்கெட் பையில் இப்போது ஒரு பாக்கெட் மிட்டாய் இருக்கிறது.

கையில் ரொக்கம் ஆபத்து. கண்டக்டருக்குத் தினப் பேட்டா. கடைசி டிரிப் முடிந்ததும் கையில் காசு, எதிரில் கடை. முதலாளியிடம் பேசிப் பேட்டாவை மதினி கணக்குக்குப் போடச் செய்தோம். அண்ணனைக் கேட்டுத்தான் செய்தோம், கேட்காமல் செய்திருந்தால் அது வேறு சண்டையாகியிருக்கும். கடைசி டிரிப்பை ஆறு மாதத்துக்கு வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுத்தார் அந்த மனிதர்.

கல்யாண வீடு, சாவு வீடு, கோயில் கொடை: முதல் மூன்று மாதம் தவிர்க்க முடிந்ததைத் தவிருங்கள். போயே ஆக வேண்டுமென்றால் சாப்பாட்டுக்கு முன் போய் மொய் எழுதிவிட்டுத் திரும்புங்கள். "பீர்தானே மாப்ள, ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல ஒருவர் எல்லாக் கல்யாணத்திலும் இருப்பார். "மாத்திரை சாப்பிடுறேன், குடிச்சா ஆஸ்பத்திரிதான்" என்று ஒரே வாக்கியத்தைப் பழக்கி வையுங்கள். கொள்கை பேசினால் விடமாட்டார்கள், மாத்திரை என்றால் விட்டுவிடுகிறார்கள்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, பெரும்பாலான ஊர்களில் சாயங்காலம் ஏதாவது பள்ளிக்கூட அறையிலோ சர்ச் அறையிலோ கூடும். கட்டணம் கிடையாது, முழுப்பெயர் கேட்பதில்லை. முதல் நாள் அண்ணன் வாசலிலேயே டீ குடித்துவிட்டு வந்துவிட்டான். மூன்றாவது வாரம்தான் உள்ளே போனான். பொறுத்திருங்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம். மதினி ஒரு வருடமாகப் போகிறார். அண்ணனைவிட அவருக்குத்தான் அது அதிகம் தேவைப்பட்டது என்பது என் எண்ணம். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.

வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறத்தாழ பாதி பரம்பரையாக வருவது என்கிறார்கள். மீதிப் பாதி எந்த வயதில் தொடங்குகிறார்கள், வீட்டில் என்ன பார்க்கிறார்கள், மனதில் என்ன பாரம் இருக்கிறது என்பவற்றில் இருக்கிறது. சிறுவயதில் தொடங்கினால் அபாயம் அதிகம். அண்ணன் மகனுக்கு இப்போது 14. "உங்க அப்பாவுக்கு இந்த நோய் இருக்கு, நம்ம குடும்பத்துக்கே இது ஒத்துக்காது, சர்க்கரை வியாதி மாதிரி" என்று மதினி அவனிடம் நேராகவே சொல்லிவிட்டார். கடைக்குப் போய்ச் சோடா வாங்கிவா என்று இனி அவனை யாரும் அனுப்புவதில்லை.

10. மறுபடி குடித்துவிட்டால்

நூற்றுப் பதினொன்றாம் நாள் அண்ணன் குடித்தான். நண்பன் ஒருவனின் அப்பா காரியம். வீட்டில் அம்மா ஒப்பாரியே வைத்துவிட்டார், எல்லாம் போச்சு என்று. டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. இந்த நோயில் சறுக்கல் சகஜம், எத்தனை மணி நேரத்துக்குள் போன் செய்தீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம் என்றார்.

ஆகவே அன்றே போன் செய்யுங்கள். டைசல்ஃபிராம் சாப்பிடுகிறவர் குடித்திருந்தால் போனில் நேரம் கழிக்காமல் ஆஸ்பத்திரிக்கு. குடித்தது ஒரு நாளா, தொடர்ந்து நான்கு ஐந்து நாளா என்று கணக்கு வையுங்கள். தொடர்ந்து என்றால் மறுபடியும் தானாக நிறுத்தக் கூடாது, இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். சில மாதம் நிறுத்தியிருந்தவருக்கு உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், பழைய அளவை எடுத்தால் அவ்வளவுதான்.

அண்ணன் ஒரே நாளோடு நிறுத்திக்கொண்டான். மறுநாள் காலை ஓ.பி.க்கு நானும் கூடப் போனேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு அம்மா, பக்கத்தில் அவர் மகன், நல்ல நடுக்கம். கையில் சீட்டு மட்டும் வைத்திருந்தார். "கடைசியா எப்பக் குடிச்சான்னு கேப்பாங்க, எழுதி வச்சுக்கோங்கம்மா" என்று என் பேனாவைக் கொடுத்தான் அண்ணன்.